போர்ட் எலன் பாட்டிலுக்கு வயது ஏறுமா?

போர்ட் எலன் என்பது ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் உள்ள ஒரு விஸ்கி வடிசாலை. 1979-இல் அங்கே வடித்த விஸ்கிக்கு இப்போது 45 வயதுக்கு மேல் ஆகிவிட்டது என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அந்த வடிசாலை 1983-இல் மூடப்பட்டது என்று அவர் சொல்வது சரி. வயதுக் கணக்குதான் இடிக்கிறது.

ஸ்காட்ச் விஸ்கிக்கு வயது ஏறுவது ஓக் பீப்பாயில் இருக்கும்வரை மட்டுமே. மரத்தோடு சேர்ந்தால்தான் நிறமும் மணமும் மாறும்; கண்ணாடிக்குள் அது நடக்காது. 2001-இல் 'முதல் வெளியீடு' என்ற பெயரில் வந்த போர்ட் எலனையே பாருங்கள்: 1979-இல் வடித்தது, 2001-இல் பாட்டிலில் அடைத்தது. லேபிளில் 22 ஆண்டு என்றிருக்கும். இன்றும் அது 22 ஆண்டு விஸ்கிதான். அதன் விலை ஏறுவதற்குக் காரணம், அது கிடைப்பது அரிதாகிவிட்டதுதான். அதுவே போதுமான காரணம், வயதைக் கூட்டிச் சொல்லத் தேவையில்லை.

நீங்களே சரிபார்க்கலாம். லேபிளில் வடித்த ஆண்டு, அடைத்த ஆண்டு இரண்டையும் தேடி, பின்னதிலிருந்து முன்னதைக் கழியுங்கள். அச்சிட்ட வயதோடு ஒத்துப்போக வேண்டும்; மாதக் கணக்கால் அச்சிட்ட வயது ஓராண்டு குறைவாக இருக்கலாம். ஒரே ஆண்டுதான் போட்டிருந்தால் அச்சிட்ட வயதை மட்டும் நம்புங்கள். பிரிட்டனின் 2009 ஸ்காட்ச் விஸ்கி ஒழுங்குமுறைகளின்படி, அந்த எண் பாட்டிலில் உள்ள மிக இளைய விஸ்கியின் வயது.

பாட்டிலில் காலப்போக்கில் மாறக்கூடியது விஸ்கியின் மட்டம். தக்கை காய்ந்தால் ஆவியாகிக் குறையும். வாங்குமுன் கழுத்துப் பகுதியின் படத்தைக் கேளுங்கள்.