உசரமான வண்டின்னா சொகுசான சீட்டுன்னு அர்த்தமில்லீங்க

கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு பக்கம் ஒரு குடும்பம் பெரிய வண்டி எடுக்குதுன்னா பேச்சு ஒரே தடத்துலதான் போகும். "ஸ்போர்ட்ஸ் கார்ல குனிஞ்சு பூந்து உக்காரணும், இடுப்பு போயிரும். எஸ்யூவின்னா நிமுந்து உக்காந்து போலாம்." இதுல பாதிதான் சரி. ஓட்டறவரோட சீட்டை மட்டும் பார்த்தா, நல்ல ஸ்போர்ட்ஸ் காரோட சீட்டு பெரும்பாலான எஸ்யூவி சீட்டைவிட உடம்பை நல்லா தாங்கும். பின்னாடி உக்கார்றவங்களுக்கு எஸ்யூவிதான், சந்தேகமே இல்ல. ஆனா அதுலயும் மூணாவது வரிசைய சீட்டுக் கணக்குல சேர்க்கவே கூடாதுன்னு சொல்வேன்.

காரணம் உக்கார்ற கோணம். ஸ்போர்ட்ஸ் கார்ல குதிகாலுக்கும் இடுப்புக்கும் உசர வித்தியாசம் ஒரு சாணுக்குள்ளதான் இருக்கும். காலை முன்னால நீட்டித்தான் உக்காரணும். எஸ்யூவில அது ஒன்றரை சாண் வரும், நாற்காலில உக்கார்ற மாதிரி. கால் கீழ தொங்கறதால நீளம் கம்மியாத்தான் பிடிக்கும், மிச்சமாகற நீளம் பின் வரிசைக்குப் போகும். போர்ஷே 911ங்கற ஸ்போர்ட்ஸ் காரோட வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல இருக்கற தூரம், 2,450 மி.மீ., உசரம் 1,300 மி.மீ. சுமார். இஞ்சின் வேற பின் ஆக்ஸிலுக்கும் (ரெண்டு பின் சக்கரத்தையும் சேர்க்கற அச்சு) பின்னால. முன்னால ரெண்டு பேர் காலை நீட்டின பிறகு பின்சீட்டுல பெரியவங்க உக்காந்தா தலை கண்ணாடில இடிக்கும். அந்தப் பின்சீட்டு சின்னக் குழந்தைக்கும் கைப்பைக்கும்தான்.

ஆனா உசரமா இருக்கற வண்டி உள்ளயும் உசரமா இருக்கும்னு நினைக்கறதுதான் பெரிய தப்பு. நம்மூர்ல எல்லாருக்கும் தெரிஞ்ச ரெண்டு வண்டிய வெச்சே பார்க்கலாம். ஃபார்ச்சூனர் உசரம் 1,835 மி.மீ., வீல்பேஸ் 2,745. இன்னோவா கிரிஸ்டா உசரம் 1,795, வீல்பேஸ் 2,750. வெளிய பார்த்தா ஃபார்ச்சூனர் 40 மி.மீ. கூட. உள்ள உக்காந்தா கிரிஸ்டாவோட நடுவரிசைதான் காலுக்கு இதம். ஃபார்ச்சூனரை காட்டுத் தடத்துக்கும் ஃபோர் வீல் டிரைவுக்கும் ஏத்த மாதிரி தூக்கி வெச்சிருக்காங்க, அதோட வண்டிக்குள்ள கால் வெக்கற தரையும் சேர்ந்து மேல வந்துருது. கூரை உசந்தும் உள்ளுக்குப் பிரயோஜனமில்ல. தரைக்கும் சீட்டுக்கும் நடுவுல இருக்கற உசரம் குறைஞ்சா முழங்கால் மேல தூக்கும், தொடை குஷனைத் தொடாது, உடம்போட பாரம் மொத்தமும் உக்கார்ற ரெண்டு எலும்புமேல இறங்கும். பெருந்துறை தாண்டறதுக்குள்ள மரத்துப்போகும்.

மூணாவது வரிசைல நடக்கறதும் இதேதான், இன்னும் மோசமா. அது பின் ஆக்ஸிலுக்கு மேலயே இருக்கறதால ஒவ்வொரு வேகத்தடையும் நேரா முதுகெலும்புல ஏறும். ஏ.சி. காத்தும் சுணங்கித்தான் வரும். குலதெய்வம் கோயிலுக்குப் போறப்ப அந்த வரிசைய விரிச்சுட்டா பொங்கல் பானை வெக்கக்கூட டிக்கில எடமிருக்காது. ஒறம்பரைக வந்தா பசங்களை உக்கார வெச்சு பத்துப் பதினஞ்சு கிலோமீட்டர் போலாம். அப்பத்தாவையும் அமுச்சியையும் அங்க ஏத்தி பழனிக்குக் கூட்டிப்போறது அவங்களுக்குச் செய்யற கொடுமை.

இப்ப ஸ்போர்ட்ஸ் சீட்டுக்கு வர்றேன். செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே ரேஸ் மைதானத்துல ரேஸ் காருக்குள்ள இருக்கற பக்கெட் சீட்டை (உடம்பைச் சுத்திப் பிடிக்கற குழிவான சீட்டு) பார்த்துட்டு ரோட்டுல ஓடற ஸ்போர்ட்ஸ் காரும் அப்படித்தான்னு நினைச்சுக்கறாங்க. ரேஸ் சீட்டுல ஃபோமே பேருக்குத்தான் இருக்கும், சாயவும் சாயாது. ரோட்டுக் கார்ல குஷனோட முன்பக்கம் கொஞ்சம் தூக்கலா இருந்து தொடைய முழுசா ஏந்தும், பக்கவாட்டுத் திண்டு விலாவைப் பிடிக்கும். ஃபோம் கெட்டியா இருக்கும், ஷோரூம்ல தொட்டா மரம் மாதிரித் தெரியும். அந்தக் கெட்டிதான் மூணு மணி நேரம் கழிச்சும் அமுங்காம நிக்கும். மெத்துன்னு இருக்கற ஃபோம் ஒரு மணி நேரத்துல அடிவரைக்கும் அமுங்கி, இடுப்பு குழிஞ்சு, முதுகு வளைஞ்சு போயிரும்.

திம்பம் மலைப்பாதைல 27 கொண்டை ஊசி வளைவு ஏறிப் பார்த்தா வித்தியாசம் தெரியும். தட்டையான, வழுக்கற லெதரெட் சீட்டு இருக்கற எஸ்யூவில ஓட்டறவர் ஒவ்வொரு வளைவுக்கும் முழங்காலை கதவுல முட்டுக் குடுத்து, ஸ்டியரிங்கைப் பிடிச்சுத் தொங்குவார். அடிவாரத்துப் பண்ணாரில இல்லாத தோள்வலி மேல ஆசனூர் போறப்ப வந்திருக்கும். உசரத்துல உக்கார்றதால வண்டி சாயறப்ப தலை இன்னும் அதிகமா ஆடும், பின்னால பசங்க வாந்தி எடுக்கறதுக்கு அதுவும் ஒரு காரணம். ஸ்போர்ட்ஸ் கார்ல திண்டே உடம்பைப் பிடிச்சுக்கும், கைக்கு ஸ்டியரிங் திருப்பற வேலை மட்டும்தான்.

அந்த சொகுசைக் கெடுக்கறது டயரு. 911 முன் டயர் 235/40, சைஸ் 19. அதாவது அகலம் 235 மி.மீ., அதுல 40 சதவீதம் பக்கச்சுவரோட உசரம். அது 94 மி.மீ.தான். ஃபார்ச்சூனரோட 265/60ல அது 159. தாராபுரம் பக்கம் கிராமத்து ரோட்டுல குழி விழுந்தா எந்த நல்ல சீட்டும் அதை மறைக்காது. வண்டியோட அடி ரோட்டுல தட்டற பயம் வேற.

ஏறி இறங்கறதுக்கு: வேட்டியோ சேலையோ கட்டினவங்க ஸ்போர்ட்ஸ் கார்ல மொதல்ல முதுகைத் திருப்பி உக்காந்து, பொறகு ரெண்டு காலையும் சேர்த்து உள்ள எடுக்கணும். இறங்கறப்ப ரெண்டு காலையும் தரைல ஊனிட்டு எந்திரிக்கணும். முழங்கால் வலி இருக்கறவங்களுக்கு அப்படியும் ஆகாது. ஆனா அவங்களுக்கு உசரமான எஸ்யூவியும் ஆகாது, ஏறணுமே. நின்னா அவங்க இடுப்புக்குக் கொஞ்சம் கீழ சீட்டு வர்ற வண்டிதான் சரி, சும்மா நகர்ந்து உக்காந்துக்கலாம்.

வண்டி வந்த மறுநாளே ரெக்சின் கவர் போடற பழக்கத்தைப் பத்தி கட்டாயம் சொல்லணும். முன்சீட்டு வெளிப்பக்க ஓரத்துல ஏர்பேக்னு எழுதின சின்னத் துணித் துண்டு தையல்ல இருக்கான்னு பாருங்க. இருந்தா அந்தத் தையலைக் கிழிச்சுக்கிட்டுத்தான் பக்கவாட்டு ஏர்பேக் கண்ணிமைக்கறதுக்குள்ள வெளிய வரணும். மேல ரெட்டைத் தையல் போட்ட கவர் மூடியிருந்தா அது தடுமாறும், இல்லாட்டி வேற பக்கம் விரியும். கவருக்குள்ள வெக்கற ஒரு இஞ்ச் ஃபோம் தலைக்கு மேல ஒரு இஞ்சைத் திங்கும், இடுப்புக்குன்னு கம்பெனி குடுத்த வளைவையும் மூடிரும். காத்து வர்ற சீட்டுன்னு கூடக் காசு குடுத்து வாங்கி அதுமேலயும் ரெக்சின் போட்டா ஃபேன் சும்மா சுத்தும். சீட்டுமேல துண்டு விரிக்கறதும் வேண்டாம், சடன் பிரேக்ல உடம்பு பெல்ட்டுக்கு அடில வழுக்கும்.

ஷோரூம்ல ரெண்டு நிமிஷம் உக்காந்து முடிவு பண்ணாதீங்க, இருபது நிமிஷமாவது உக்காருங்க. குஷன் விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் நடுவுல ரெண்டு மூணு விரல் எடம் இருந்தா போதும், அதுக்கு மேல இருந்தா குஷன் குட்டை. தொடைக்கு அடில உள்ளங்கை லேசா நுழைஞ்சா சப்போர்ட் இல்ல. பனோரமிக் சன்ரூஃப் (பெரிய கண்ணாடிக் கூரை) இருக்கற மாடல்னா, வீட்டுலயே உசரமானவரை பின்சீட்டுல உக்கார வெச்சுப் பாருங்க. அப்புறம் முன்சீட்டை ஓட்டறவருக்குத் தோதா வெச்சு, அடிவரை இறக்கிட்டு, பின்னால உக்காந்து பாதத்தை அதுக்கடில நீட்டுங்க. கட்டைவிரல் இடிச்சா, அந்த வண்டில தூரப் பயணம் பின்சீட்டுக்காரருக்கு ஆகாது.