என்ன சார்ஜ்னு சொல்லிட்டு வாங்குங்கய்யா!

நேத்து நைட்டு ஓட்டல்ல சாப்பிட்டது இன்னும் செரிக்கல, வயித்தெரிச்சல். அஞ்சு பேரு சாப்பிட்டதுக்கு 1,840 ரூபா, சரி. அதுக்குக் கீழ "சார்ஜ் 10%, 184"னு மொட்டையா ஒரு வரி. பில்லு கொண்டுவந்த தம்பிகிட்ட "இது என்ன சார்ஜ்பா?"ன்னேன். "சார்ஜ்தான் சார்." "அதான், எதுக்கு?" "எல்லா டேபிளுக்கும் போடுற சார்ஜ் சார்." பாவம், அந்தப் பையனுக்கே தெரியல. இன்சார்ஜ் யாரு, அவர கூப்பிடுன்னேன். வந்தவரு "நான் சார்ஜ் எடுத்தே ரெண்டு நாள்தான் சார் ஆவுது"ங்கறாரு! சரி, நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு அடிப்போம்னு போன எடுத்தா அதுல சார்ஜ் இல்ல. எங்கயாவது சொருகலாமான்னு கேட்டா, சார்ஜ் போட இருபது ரூபா தனி சார்ஜாம்!

இந்த ஒத்த வார்த்தைய வச்சிக்கிட்டு எத்தன ஆட்டம்! பஸ்ஸுன்னா கட்டணம், பேட்டரின்னா மின்னூட்டம், ஆபீஸ்னா பொறுப்பு, கோர்ட்னா குற்றச்சாட்டு, ரோட்டுல போலீஸ் அடிச்சா தடியடி, ஒவ்வொண்ணுக்கும் நம்மகிட்ட தனித்தனியா சொல்லு இருக்குங்க. "கட்டணம்"னு எழுதியிருந்தா எதுக்குடா கட்டணம்னு உடனே வாய் கேட்டுரும். "சார்ஜ்"னு போட்டா ஏதோ கவர்மென்ட் வரின்னு நெனச்சு பக்கத்து டேபிள்ல எல்லாரும் பேசாம குடுத்துட்டுப் போறாங்க, கண்ணால பாத்தேன். அந்த வார்த்தையோட வேரே லத்தீன்ல வண்டிதான், பழைய பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வரும்போது சுமை ஏத்துறதுன்னுதான் அர்த்தம். நம்ம தலையில இன்னிக்கும் அதத்தானே ஏத்துறாங்க!

2022 ஜூலை 4லயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லிருச்சு: ஓட்டல்காரங்க சர்வீஸ் சார்ஜ தானா பில்லுல சேக்கக் கூடாது, வேற பேரு வச்சும் வாங்கக் கூடாது, அதையும் சேத்து மொத்தத்துக்கு ஜிஎஸ்டி போடவும் கூடாது. ஓட்டல் சங்கங்க எதுத்து கேஸ் போட்டாங்க, 2025 மார்ச்ல டெல்லி ஐகோர்ட் அந்த விதி செல்லும்னுட்டுச்சு. இங்க என்னடான்னா பேர மழுப்பி ஒரு 184, அது மேல ஜிஎஸ்டி 5% ஒரு 9 ரூபா 20 காசு. இதையெல்லாம் சொன்னா அந்த இன்சார்ஜ் "சிஸ்டம்ல அப்படித்தான் சார் வருது"ங்கறாரு. வருதுன்னா, போட்டது யாருய்யா? நான் கத்த கத்த அம்மா கைய புடிச்சு இழுத்து "விடுறா, எல்லாரும் பாக்குறாங்க"ன்னு அவங்க சுருக்குப்பையிலேர்ந்து நூறு நூறா எண்ணி வச்சாங்க. சாப்பாட்டுக்கான ஜிஎஸ்டியும் சேத்து மொத்தம் 2,125 ரூபா. அந்த எண்ணுற கைய பாத்ததுலேர்ந்துதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது.

இவ்வளவும் வாங்கிட்டு, பில்லோட ஒரு கிண்ணம் வைக்கிறான் பாருங்க, அதுல சோம்பு ஒண்ணு கூட இல்ல, அடியில ஒட்டிக்கிட்டு இருந்த கல்கண்டுத் தூளும் ஒரு ஈர ஸ்பூனும்தான். சோம்பு என்னய்யா வெலை விக்கிது?