ஓசோன் ஓட்டைக்கும் கடலூர் வெயிலுக்கும் தொடர்பில்லை

ஓசோன் படலத்தில் ஓட்டை விழுந்து அதன் வழியாக வெயில் நேராக இறங்குவதால்தான் கடலூரில் கத்திரி வெயில் வருஷா வருஷம் கூடுகிறது என்று மேலே ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார், நிறைய பேர் பகிர்ந்தும் விட்டார்கள். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் அண்ணா, இவை இரண்டும் வேறு வேறு விஷயங்கள். ஓசோன் தடுப்பது புற ஊதாக் கதிரை, வெயிலின் சூட்டை அல்ல. அந்த ஓட்டை விழுவது அண்டார்டிகாவுக்கு மேலே, அதுவும் ஆகஸ்டு, செப்டம்பர் வாக்கில் திறந்து பெரும்பாலும் டிசம்பருக்குள் மூடிவிடும். சில்வர் பீச் மணலில் மத்தியானம் கால் வைக்க முடியாத மே மாதத்தில் அந்த ஓட்டையே இருக்காது.

பூமி சூடாக முக்கியக் காரணம் நிலக்கரி, பெட்ரோல், டீசல் எரித்துச் சேரும் கார்பன் டை ஆக்சைடு (நம்ம நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியும் இதில் சேர்த்திதான்), தரையிலிருந்து மேலே போக வேண்டிய வெப்பத்தை அது பிடித்து வைத்துக்கொள்கிறது; தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்குச் சுமார் 280 பங்காக இருந்தது இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது.

சரி, நீங்களே பார்த்துவிடலாம். நாசாவின் 'ஓசோன் வாட்ச்' தளத்தில் தினசரி வரைபடம் இலவசமாகவே கிடைக்கிறது. ஓசோன் எவ்வளவு இருக்கிறது என்பதை டாப்சன் என்ற அலகில் அளப்பார்கள்; அது 220-க்குக் கீழே போன இடத்தைத்தான் ஓட்டை என்பார்கள். ஏதாவது ஒரு வருஷத்து மே மாதப் படத்தைத் திறந்து பாருங்கள், அப்புறம் அதே வருஷத்து அக்டோபர் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.