அபராதத்தைவிடப் பத்து ரூபாயே மேல்

சென்ற மாதம் எங்கள் வீட்டு விசேஷத்திற்குத் தெருவில் பந்தல் போட்டு இருநூறு பேருக்கு இலை போட்டோம். திடக்கழிவு மேலாண்மை விதிகளின்படி, உரிமம் பெறாத இடத்தில் நூறு பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சியை மூன்று வேலை நாட்களுக்கு முன்பே உள்ளாட்சி அமைப்புக்குத் தெரிவித்திருக்க வேண்டும். குப்பையைத் தரம் பிரித்து ஒப்படைப்பதும் நடத்துபவரின் பொறுப்பு. இதைப் படித்தறிந்த நானே தெரிவிக்கவில்லை, யாரும் கேட்கவுமில்லை. மறுநாள் காலையில், எச்சில் இலைக்குள் சுருண்டு கிடந்த தண்ணீர் பாட்டில்களைத் தூய்மைப் பணியாளரான அம்மா ஒருவர் கையுறையின்றி உருவி எடுத்துக்கொண்டிருந்தபோது, விதி மீறப்பட்டதன் விலையைக் கொடுப்பவர் யார் என்பது எனக்கு உறைத்தது.

சட்டம் போதவில்லை என்று நான் சொல்லமாட்டேன். குப்பையைத் தெருவில் வீசுவதும், திறந்தவெளியில் எரிப்பதும், சாக்கடையில் தள்ளுவதும் அந்த விதிகளிலேயே தடுக்கப்பட்டுள்ளன. ஆனால் அபராதம் விதிக்க ஒருவர் நேரில் பார்த்தாக வேண்டும். இரவு பதினொரு மணிக்கு வண்டியை நிறுத்தாமலே பையை வீசிச் செல்பவரை எந்தச் சுகாதார ஆய்வாளர் பார்ப்பார்?

நீலகிரியில் நடந்தது வேறு. காட்டோரங்களில் வீசப்பட்ட மது பாட்டில்கள் உடைந்து யானைகளின் பாதங்களைக் கிழிப்பது சென்னை உயர் நீதிமன்றத்தின் கவனத்திற்கு வந்ததையடுத்து, 2022-இல் அங்குள்ள டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் முறை தொடங்கியது. இதில் காவலுக்கு ஆள் தேவையில்லை. குடித்தவர் வீசினாலும், பத்து ரூபாய் கிடைக்கும் என்று வேறொருவர் குனிந்து எடுத்துவிடுவார். பிறகு இது மற்ற மாவட்டங்களுக்கும் விரிந்தது. பாட்டிலை எண்ணவும் அடுக்கவும் ஆளும் இடமும் இல்லையென்று கடை ஊழியர்கள் குறைப்படுவது நியாயமே. அதற்குரிய ஆளை அரசுதான் தர வேண்டும்.

2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த பிளாஸ்டிக் தடையில் பால் உறைக்கு விலக்கு அளிக்கப்பட்டது. தண்ணீர் பாட்டிலும் கடைதோறும் தொங்குகிறது. இவ்விரண்டுக்கும் ஏன் இதே முறையைக் கொண்டுவரக் கூடாது? பால் உறைக்கு ஐம்பது பைசா வைத்தால்கூட, என் அம்மா அதைக் கழுவிக் காயவைத்து எண்ணி வைத்துவிடுவார்.