முழங்கை வெறும் கீல் மூட்டு அன்று

முழங்கையைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை, அதைக் கதவுக் கீல்போல மடங்கி நீளும் ஒரு கீல் மூட்டு என்று மட்டும் குறிப்பிடுவது முழுமையாகாது. மேற்கை எலும்பான ஹியூமரஸ், முன்கை எலும்புகளான அல்னா (சுண்டுவிரல் பக்கம்), ரேடியஸ் (கட்டைவிரல் பக்கம்) ஆகியவை அங்கே ஒரே மூட்டுறைக்குள் மூன்று இணைப்புகளாகச் சந்திக்கின்றன. கையை மடக்கி நீட்டும்போது அல்னாவின் கொக்கி போன்ற மேல்முனை ஹியூமரஸின் அடிப்பகுதியைச் சுற்றி நகர்கிறது. உள்ளங்கையைத் திருப்பும்போதோ, எலும்புகளைப் பிணைக்கும் வளைய வடிவ இணைப்பிழை ஒன்று பிடித்திருக்க, ரேடியஸின் தலை தன் இடத்திலேயே சுழல்கிறது. இந்த இரண்டாவது அசைவைக் கட்டுரை விட்டுவிட்டது பெருங்குறை என்றே கருதுகிறேன். சிறு குழந்தைகளை ஒரு கையைப் பிடித்துத் திடீரென இழுத்துத் தூக்கும்போது ரேடியஸின் தலை அவ்விழையிலிருந்து சற்று நழுவுவதுண்டு. அப்போது குழந்தை அக்கையை அசைக்காமலே வைத்திருக்கும். முழங்கையை இடித்துக்கொண்டால் சுண்டுவிரல்வரை சுரீரெனப் பரவும் உணர்வுக்கோ எலும்பு காரணமன்று, முழங்கையின் உட்புறத்தில் தோலுக்கு அருகிலேயே செல்லும் அல்னார் நரம்பே காரணம்.