மழைத்தோட்டத்தில் கொசு பெருகுமா?

மொரிஷியஸின் ரோஸ் ஹில்லில் வீட்டு முன்னால் மழைத்தோட்டம் போட்டால் தண்ணீர் தேங்கிக் கொசு பெருகும், சிக்குன்குன்யா வரும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பயம் நியாயமானது, ஆனால் தகவல் சரியில்லை.

மழைத்தோட்டம் என்பது கூரைத் தண்ணீரை மண்ணுக்குள் இறக்க வெட்டிச் செடி நடும் பள்ளம். முறையாக அமைத்தால் ஓரிரு நாளில் வற்றிவிடும். முட்டை புழுவாகி, கூட்டுப்புழுவாகி, கொசுவாகப் பறக்க நம் வெயிலிலும் ஏறக்குறைய ஒரு வாரம் வேண்டும். மொரிஷியஸில் சிக்குன்குன்யாவைப் பரப்பும் ஏடிஸ் அல்போபிக்டஸ் கொசுவுக்குப் பிடித்ததெல்லாம் பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், சருகு அடைத்த கூரைக்குழாய். (நம் வீடுகளில் இதற்கா பஞ்சம்!)

நீங்களே சோதிக்கலாம். தோட்டம் போட நினைக்கும் இடத்தில் ஒரு முழம் ஆழத்துக்குக் குழி வெட்டித் தண்ணீர் நிரப்புங்கள். அது வற்றியதும் மறுபடி நிரப்பி நேரம் பாருங்கள். மறுநாளைக்குள் காய்ந்தால் மண் சரி. அடியில் பாறை இருந்து இரண்டு நாளாகியும் நின்றால் அங்கே போடாதீர்கள். ஏற்கெனவே போட்டவர்கள் மழை விட்ட மூன்றாம் நாள் டார்ச் அடித்துப் புழு நெளிகிறதா என்று பார்க்கலாம். அப்படியே பக்கத்துத் தொட்டித் தட்டையும்.