போக ஆறு மணி, வர பதினாலு மணி

(புதுச்சேரி, நெல்லித்தோப்பில் ஒரு டிக்கெட் கடை. ஜனவரி மாத மாலை. மேசைமேல் அந்தோணியின் சாத்துக்குடிப் பை.)

அந்தோணி: தம்பி, டிக்கெட்ல கோளாறு. சென்னையில ராத்திரி 1.30-க்குக் கிளம்பி, பாரிஸ்ல காலைல 7.30-க்கு எறக்கிடறான். ஆறே மணி நேரம். வர்றப்போ அங்க காலைல 10.30-க்கு ஏறினா, இங்க நடுராத்திரி 12.30. பதினாலு மணி நேரம்! வழியில பஞ்சர் ஒட்டுவானா?

ஏழுமலை: அண்ணே, அந்தந்த ஊர்க் கடிகாரத்தைத்தான் டிக்கெட்ல போடுவான். இப்போ பாரிஸ் நமக்கு நாலரை மணி நேரம் பின்னாடி. மார்ச் கடைசி ஞாயித்துக்கிழமை கடிகாரத்தை மாத்திடுவாங்க, அப்புறம் மூணரை. போறதுல நாலரையக் கூட்டுங்க, வர்றதுல கழிங்க.

அந்தோணி: பத்தரை... ஒம்பதரை. இன்னும் ஒரு மணி நேரம் இடிக்குதே?

ஏழுமலை: அது காத்து. முப்பத்தஞ்சாயிரம் அடி உசரத்துல மேக்கேருந்து கெழக்க அடிக்கும், பனிக்காலத்துல இன்னும் பலமா. போறப்ப மூஞ்சியில அறையும், வர்றப்ப முதுகுல கை வெச்சுத் தள்ளும்.

அந்தோணி: தூரத்துல என்னை ஏமாத்த முடியாது. மேப்புல ஸ்கேல் வெச்சுப் பாத்துட்டேன். நேரா துபாய்ப் பக்கமாப் போகுது.

ஏழுமலை: மேப்பு தட்டை, பூமி உருண்டை. (ஒரு சாத்துக்குடியில் பேனாவால் ரெண்டு புள்ளி வைத்து, ரப்பர் பேண்டை இழுத்து மாட்டுகிறான்.) இதான் குறுக்கு வழி. இதையே மேப்புல வரைஞ்சா வடக்கால வளையும்: குஜராத், ஈரான், கருங்கடல். சுமார் 8,000 கிலோமீட்டர். எங்கயாவது சண்டைன்னு வான்வழியை மூடிட்டா சுத்து, நேரமும் கூடும்.

அந்தோணி: அண்ணனுக்கு வாங்கின பழம்யா அது!

ஏழுமலை: அங்க விடமாட்டான். பூச்சி, நோய் இல்லேன்னு நம்ம சர்க்கார் சான்றிதழ் வேணும். வாழைப்பழம், தேங்கான்னா கேக்க மாட்டான்.

அந்தோணி: சரி விடு. 12-ஆம் தேதி ராத்திரி ஒம்பது மணிக்குக் கார் சொல்லிருக்கேன். 12.30-க்கு மீனம்பாக்கம்.

ஏழுமலை: போய் மூடின கவுண்டரைக் கும்பிட்டுட்டு வரலாம். பொறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே மூடிடுவான். 10.30-க்கு அங்க நிக்கணும். திண்டிவனம் வழியா 150 கிலோமீட்டர். செங்கல்பட்டு வரைக்கும் வண்டி பறக்கும், தாம்பரத்துல தவழும். ஏழு மணிக்குள்ள கிளம்பிடணும்.

அந்தோணி: அப்ப நாளைக்கு ஏழு மணி.

ஏழுமலை: (டிக்கெட்டை மறுபடி பார்த்து) அண்ணே... 12-ஆம் தேதி 1.30-ன்னா, 12 பொறந்து ஒண்ணரை மணி நேரத்துல. நாளைக்கு நீங்க கார்ல ஏறும்போது உங்க சீட்டு பாரிஸ்ல எறங்கி ஏழு மணி நேரம் ஆயிருக்கும்.

அந்தோணி: இன்னிக்கு என்ன தேதி?

ஏழுமலை: பதினொண்ணு. மணி அஞ்சே கால்.

அந்தோணி: ஐயோ, சட்டை பூரா இஸ்திரிக் கடையில கெடக்கே!

ஏழுமலை: ஓடுங்க. சாத்துக்குடியை நான் பாத்துக்கறேன்.